அரக்கர்களுக்குச் சீருடை கொடுத்த நகரம்

‘அரக்கர், பூதம், பேய் எல்லாம் நாயகர்களாக வரும், வாய்விட்டுச் சிரிக்க வைக்கும் சாகச நாவல் ஒன்று சொல்லுங்கள். வெறும் கேலியாக இல்லாமல் கதையும் வேண்டும். எதில் தொடங்கலாம்?’ என்று கேட்டிருந்தீர்கள்.

ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராட்செட் எழுதிய ‘மென் அட் ஆர்ம்ஸ்’ நாவலில் தொடங்குங்கள். 1993-இல் வெளிவந்தது. அதை முடித்த சூட்டோடு 1996-இல் வந்த ‘ஃபீட் ஆஃப் க்ளே’யை எடுங்கள். இரண்டும் ஒரே நகரத்தில், ஒரே காவல் படையைச் சுற்றி நடக்கின்றன. உங்கள் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான நாவல்களை நான் படித்ததில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இவை இரண்டும் பிராட்செட்டின் ‘டிஸ்க்வேர்ல்ட்’ வரிசையைச் சேர்ந்தவை; அதில் மொத்தம் 41 நாவல்கள். தட்டையான வட்ட உலகம், அதைத் தாங்கும் நான்கு யானைகள், யானைகளைத் தாங்கும் ஒரு பெரிய ஆமை. எண்திசை யானைகளையும் கூர்மத்தையும் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தப் படம் ஒன்றும் புதிதில்லை. வரிசையின் முதல் நாவல் 1983-இல் வந்தது. முதலிலிருந்து படிப்பதுதான் முறை என்று நினைத்து அதை எடுத்தவர்கள் பலர் பாதியிலேயே வைத்துவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் அவர் மற்ற மாயக்கதைகளைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார். தன் மனிதர்களை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ஏறக்குறைய ஒவ்வொரு நாவலும் தனிக்கதை என்பதால் நடுவில் நுழைவதில் நஷ்டம் எதுவும் இல்லை.

இந்தக் காவல் படை அறிமுகமாவது 1989-இல் வந்த ‘கார்ட்ஸ்! கார்ட்ஸ்!’ நாவலில். அந்த நூலைப் பிராட்செட் யாருக்குச் சமர்ப்பித்தார் தெரியுமா? சாகசக் கதைகளில் நாயகன் அரண்மனைக்குள் புகுந்ததும் ஈட்டியோடு ஓடிவந்து, ஒவ்வொருவராக அவனோடு மோதி, ஒவ்வொருவராகச் செத்து விழும் பெயரில்லாத காவலர்களுக்கு. சாக உங்களுக்குச் சம்மதமா என்று அவர்களை யாருமே கேட்டதில்லை என்கிறார். கதையின் ஓரத்தில் நின்று செத்தவர்களை நடுவில் கொண்டுவந்து நிறுத்தியவர், அடுத்ததாக அதே ஓரத்தில் நின்ற அரக்கர்களிடம் போனது இயல்பான அடுத்த அடிதான்.

ஆங்க்-மார்போர்க் என்ற அந்த நகரத்தில் திருடர்களுக்குச் சங்கம் உண்டு, கொலையாளிகளுக்குச் சங்கம் உண்டு, கோமாளிகளுக்கும் உண்டு. திருட்டே முறைப்படுத்தப்பட்ட தொழிலாகிவிட்ட ஊரில் இரவுப் பாரா போகிறவர்களுக்கு என்ன வேலை? வேறு எங்கும் சேர்த்துக்கொள்ளாதவர்கள்தான் அந்தப் படையில் மிஞ்சினார்கள். கேப்டன் சாம் வைம்ஸ் குடிகாரர். சார்ஜண்ட் கோலன் சண்டை என்றால் ஒதுங்குகிறவர். கார்ப்பரல் நாபியோ, தான் மனிதர்தான் என்பதற்குச் சான்றிதழ் வைத்திருப்பவர். நான்காவதாக வந்த கேரட் ஆறடி ஆறங்குல உயரம். ஆனால் குள்ளர் இனத்தார் எடுத்து வளர்த்த பிள்ளை என்பதால் தன்னைக் குள்ளர் என்றே கருதுகிறார். ஒரு பூதமும் இன்னும் சேரவில்லை, அதற்குள்ளேயே இது எங்கும் பொருந்தாதவர்களின் கூட்டம்தான்.

‘மென் அட் ஆர்ம்ஸ்’ தொடங்கும்போது நகரத்தை ஆளும் வெட்டினாரி ஓர் உத்தரவு போடுகிறார்: ஊரில் இருக்கும் எல்லா இனத்தாரும் காவல் படையிலும் இருக்க வேண்டும். அப்படிச் சேருகிறவர்கள் மூவர். டெட்ரிடஸ், பாறையால் ஆன ட்ரோல். கட்டி, ஒரு குள்ளர். அங்குவா, ஒரு பெண். அங்குவாவைச் சேர்த்ததற்குக் காரணம் அவள் பெண் என்பது மட்டும்தான் என்று கேரட்டைப் போலவே நாமும் நம்பிக்கொண்டிருக்கிறோம். அவள் ஓநாயாக மாறக்கூடியவள் என்பது பிறகுதான் தெரிகிறது. யாராவது அதைச் சொல்ல வாய் திறக்கும்போது பேச்சு பாதியில் அறுந்துபோகும். அந்த ஒரு விளையாட்டை வைத்தே பல பக்கங்கள் நம்மை ஏமாற்றுகிறார் பிராட்செட்; உண்மை தெரிந்ததும் திரும்பப் போய்ப் பார்த்தால் எல்லாம் அங்கேயே எழுதியிருக்கிறது.

வைம்ஸுக்கு இந்த உத்தரவு துளியும் பிடிக்கவில்லை. நாவலின் பெரிய பலமே அதுதான் என்பேன். படையின் தலைவரைப் பரந்த மனசுக்காரராகக் காட்டியிருந்தால் கதை முதல் பக்கத்திலேயே முடிந்திருக்கும். இவர் ட்ரோல்களையும் குள்ளர்களையும் பற்றி முகம் சுளிக்கும்படி பேசுகிறார். அதே மனிதர், தன் சீருடையைப் போட்டுக்கொண்ட யாரையும் விட்டுக்கொடுக்க மாட்டார். அவருடைய வெறுப்புக்கும் கடமைக்கும் நடக்கும் இழுபறியில் ஒவ்வொரு முறையும் கடமை கொஞ்சம் கொஞ்சமாக ஜெயிக்கிறது. உபதேசம் கேட்டு அவர் மாறவில்லை; கூட வேலை பார்த்து மாறுகிறார்.

இனி டெட்ரிடஸ். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அவர் வெறும் வேடிக்கைப் பாத்திரம்தான். மதுக்கடையில் ஆட்களைத் தூக்கி வெளியே போட்டுக்கொண்டிருந்தவர். சல்யூட் அடிக்கிறேன் என்று தன் கையால் தன் தலையில் அடித்துக்கொண்டு மயங்கி விழுகிறார். ட்ரோல்களுக்கு எண்ணத் தெரியாது, ‘ஒன்று, இரண்டு, மூன்று, பல’ என்பதோடு அவர்கள் கணக்கு நின்றுவிடும் என்று ஊரே சிரிக்கிறது. அங்கே ஓர் அடிக்குறிப்பு வருகிறது. அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ‘பல’ என்பதும் ஓர் எண்ணாக இருக்க முடியும் என்று யாருமே யோசிக்கவில்லை என்கிறார் பிராட்செட். பல என்றால் நான்கு. அப்புறம் பல-ஒன்று, பல-இரண்டு, பல-மூன்று, பல-பல என்று போய்ப் பதினாறில் இன்னொரு பெயர் வருகிறது. நான்கை அடிப்படையாகக் கொண்ட ஒழுங்கான எண்முறை! எண்ணத் தெரியாதவர்கள் என்று யாரைப் பார்த்து நாமும் சிரித்தோமோ, அவர்களுடைய கணக்கைப் புரிந்துகொள்ளத் தெரியாதவர்களாக நாம்தான் இருந்திருக்கிறோம். ஒரே அடிக்குறிப்பில் சிரிப்பின் திசையைத் திருப்பிவிடுகிறார்.

அடுத்து வருவது குளிர்கிடங்குக் காட்சி. முன்பேர வணிகத்தில், இன்னும் பிறக்காத பன்றியின் இறைச்சியைக்கூட வாங்கி விற்பார்கள் இல்லையா? ஆங்க்-மார்போர்க்கில் அப்படி விற்ற இறைச்சியும் ஒரு கிடங்கில் தொங்கத்தான் வேண்டும். மாயத்தால் எலும்பை உறைய வைக்கும் குளிர் நிலவும் அந்தக் கிடங்கில் டெட்ரிடஸும் கட்டியும் மாட்டிக்கொள்கிறார்கள். குள்ளர் விறைத்துச் சாகப் பார்க்கிறார். டெட்ரிடஸுக்கு நேர்மாறு. ட்ரோல்களின் மூளை சிலிக்கான். கம்ப்யூட்டர் சில்லு போல, சூடு ஏற ஏற மந்தமாகும், குளிரக் குளிர வேகம் பிடிக்கும். மலை உச்சியின் பனியில் வாழ வேண்டியவர்கள் சமவெளி நகரத்தின் வெயிலுக்கு வந்து ‘மடையர்கள்’ ஆகிவிட்டார்கள். கிடங்கின் குளிரில் டெட்ரிடஸ் சுவரில் படிந்த உறைபனி மேல் கணிதச் சமன்பாடுகளை எழுதிக்கொண்டே போகிறார். யாருக்கும் எட்டாத ஏதோ ஒன்றை நெருங்கும் நேரத்தில் அவரைக் காப்பாற்றி வெளியே இழுத்து வருகிறார்கள். வெயில் பட்டதும் எல்லாம் மங்கிவிடுகிறது. சிரித்துக்கொண்டே வந்த வாசகருக்கு இந்த இடத்தில் தொண்டை அடைக்கும்.

பிறகு கட்டி அவருக்கு ஒரு தலைக்கவசம் செய்து கொடுக்கிறார். சாவி முறுக்கினால் சுழலும் விசிறி வைத்தது. தலையைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும். ட்ரோலுக்கும் குள்ளருக்கும் பரம்பரைப் பகை. குள்ளர்கள் பாறையை வெட்டிப் பிழைக்கிறவர்கள், ட்ரோல்களோ பாறையாகவே இருப்பவர்கள். பகைக்கு வேறு காரணம் தேவையில்லை. கூம் பள்ளத்தாக்கில் நடந்த பழைய போரில் இரு தரப்புமே பதுங்கியிருந்து ஒன்றை ஒன்று தாக்கியதாம். அதன் நினைவு நாளில் இரண்டு ஊர்வலங்களும் ஒரே தெருவில் எதிரெதிராக வந்துவிடுவதும் இந்த நாவலில் உண்டு. அந்தப் பகைக்கு நடுவே ஒரு குள்ளர் ட்ரோலுக்காக உட்கார்ந்து விசிறி செய்கிறார்! நட்பைப் பற்றி ஒரு வசனம்கூடக் கிடையாது. கதையின் பிற்பகுதியில் ஒரு இழப்பு வருகிறது. அதைச் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு அந்தக் கவசத்தை நீங்கள் பழைய கண்ணால் பார்க்க முடியாது.

இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இருக்கிறது. அரக்கர்களை வைத்து எழுதும் பெரும்பாலான கதைகளில் கடைசியில் சாபம் தீரும். தவளை இளவரசனாகும், கொடிய உருவம் கழன்று அழகான முகம் தெரியும். நல்லவராக இருந்ததற்குப் பரிசு, மற்றவர்களைப் போல ஆகிவிடுவது. பிராட்செட் அந்தப் பரிசை யாருக்கும் கொடுப்பதில்லை. அங்குவாவின் ஓநாய்த்தன்மை எந்த நாவலிலும் குணமாவதில்லை. நிலா வளர வளர அவளுக்கு எரிச்சல் கூடும். உருமாறும் முன் உடைகளை எங்கே ஒளித்து வைப்பது, திரும்பி வரும்போது அவை அங்கே இருக்குமா என்பது அவளுடைய தீராத கவலை. ஆனால் அவளுடைய மூக்கு படையின் மிகச் சிறந்த துப்பறியும் கருவி. கோபுரத்தில் உட்கார்ந்து புறாவைத் தின்னும் கல்லுருவத்துக்கும் படையில் இடம் கிடைக்கிறது. நாள் கணக்கில் அசையாமல் ஒரே இடத்தைக் கண்காணிக்க அதைவிட யார் இருக்கிறார்கள்? எது அவர்களை ஊருக்கு வேண்டாதவர்களாக்கியதோ, அதுவே வேலைக்குப் பயன்படுகிறது. சிரிப்பும் அங்கிருந்துதான் வருகிறது. கொம்பையும் கோரைப்பல்லையும் பார்த்து நாம் சிரிப்பதில்லை. கோரைப்பல் இருப்பவருக்கும் சம்பள நாள், வாடகை, மேலதிகாரி, சீருடை அளவு என்று எல்லாத் தொல்லையும் இருக்கிறதே, அதைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம்.

சம்பளம் என்றதும் வைம்ஸின் பூட்ஸ் கணக்கைச் சொல்லாமல் போக முடியாது. கேப்டனாக அவருக்கு மாதம் 38 டாலர். நல்ல தோல் பூட்ஸ் 50 டாலர். வருஷக் கணக்கில் உழைக்கும். மட்டமான பூட்ஸ் 10 டாலர். ஓரிரு பருவத்தில் ஓட்டை விழும். 50 டாலரை ஒரே தடவையில் எடுக்க முடியாத ஏழை, பத்து வருஷத்தில் 100 டாலருக்கு மட்டமான பூட்ஸாகவே வாங்கியிருப்பான். அப்போதும் அவன் கால் நனைந்துதான் இருக்கும். பணக்காரர்கள் பணக்காரர்களாக நீடிப்பதற்குக் காரணம் அவர்கள் குறைவாகச் செலவழிப்பதுதான் என்று முடிக்கிறார் வைம்ஸ். 2022-இல் பிரிட்டனில் ஜாக் மன்றோ என்ற எழுத்தாளர், மலிவு விலை உணவுப் பொருட்களின் ஏற்றத்தைக் கணக்கிடும் முயற்சிக்கு வைம்ஸின் பூட்ஸ் பெயரையே வைத்தார். பூதங்கள் உலவும் நாவலில் வந்த ஒரு பத்தி, நிஜமான வறுமையைப் பேச உதவியிருக்கிறது.

‘ஃபீட் ஆஃப் க்ளே’ இன்னும் ஆழமானது. ‘களிமண் பாதங்கள்’ என்ற அந்தத் தலைப்பு பைபிளில் தானியேல் நூலில் வரும் சிலைக்கனவை நினைவூட்டும். கதையின் மையத்தில் இருப்பவர்கள் கோலெம்கள். யூத மரபில் கோலெம் என்பது களிமண்ணால் செய்து, புனித எழுத்தால் உயிரூட்டிய உருவம். 1609-இல் இறந்த பிராகா நகரத்து ராபி யூதா லோவ் தன் மக்களைக் காக்க ஒரு கோலெமைச் செய்தார் என்பது கோலெம் கதைகளில் மிகப் பிரபலமானது. பிராட்செட் அந்தக் கதையை எடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: இரவு பகலாக உழைக்கும், கூலி வாங்காத, வாய் பேசாத ஒன்றை ஊர் எப்படி நடத்தும்? முதலாளிகள் அதைச் சாமானாகப் பார்க்கிறார்கள். தொழிலாளர்களோ தங்கள் பிழைப்பைக் கெடுக்க வந்ததாக வெறுக்கிறார்கள். இரண்டும் அப்படியே நம்பும்படி இருக்கிறது.

டார்ஃபில் என்ற கோலெம் இறைச்சிக்கூடத்தில் வேலை செய்கிறது. கோலெமின் தலைக்குள் ஒரு சீட்டு இருக்கும். அதில் எழுதியிருப்பதுதான் அதற்கு விதி. கேரட் அதை விலை கொடுத்து வாங்குகிறார். வாங்கியதற்கான ரசீதை அதன் தலைக்குள்ளேயே வைத்துவிடுகிறார். அவ்வளவுதான். இனி அதற்குச் சொந்தக்காரர் அதுவே. இவ்வளவு எளிமையான, இவ்வளவு சரியான ஒரு விடுதலைக் காட்சியை நான் வேறு நாவலில் படித்ததில்லை. யுத்தம் இல்லை, வீரவசனம் இல்லை. அடிமைத்தனம் ஒரு காகிதத்தில் இருந்தது, இன்னொரு காகிதம் அதை ரத்து செய்தது. பிறகு டார்ஃபில் எடுக்கும் முடிவும் அதே தினுசுதான்: சம்பளம் வாங்கி, சேர்த்து, இன்னொரு கோலெமை விலைக்கு வாங்கி விடுவிப்பது. பேச வாய் கிடைத்ததும் கடவுள் உண்டா என்று பூசாரிகளோடு வாதம் செய்கிறது. தலையில் இடி விழுகிறது. கொஞ்சம் கருகி நின்றுகொண்டு, இதை ஒரு நல்ல வாதமாக ஏற்க முடியாது என்கிறது.

அதே நாவலில் சீரி என்ற குள்ளரும் வருகிறார். குள்ளர்களில் ஆண் பெண் இருவருக்கும் தாடி உண்டு. உடையும் ஒன்று, நடப்பும் ஒன்று. தான் பெண் என்று வெளியே காட்டிக்கொள்ள ஆசைப்படும் சீரி, லிப்ஸ்டிக் போட்டுக்கொள்கிறார், காதணி மாட்டுகிறார், ஆனால் தாடியை எடுக்கச் சொன்னால் பதறிவிடுகிறார். தாடி போனால் குள்ளர் என்பது போய்விடுமே! அவருக்குத் துணை நிற்பவள் அங்குவா. சீரிக்கோ ஓநாய் மனிதர்கள் என்றாலே வெறுப்பு, தன் தோழி யார் என்று தெரியாமல் அவளிடமே அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒதுக்கப்பட்டவர் இன்னொருவரை ஒதுக்க மாட்டார் என்ற சுலபமான நம்பிக்கையைப் பிராட்செட் வைத்துக்கொள்ளவே இல்லை.

இப்படியெல்லாம் எழுத அவருக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அவர் பார்த்த வேலைகள் ஞாபகத்துக்கு வரும். 1948-இல் பிறந்தவர், பள்ளிப் பருவம் முடியும் முன்பே உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் நிருபராகச் சேர்ந்தார். 1980-களில் மின்சார வாரியத்தின் செய்தித் தொடர்பாளராக, அணுமின் நிலையங்கள் சார்பில் பத்திரிகைகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நகராட்சி, கமிட்டி, சங்கம், புகார் மனு என்று ஓர் ஊர் உள்ளே எப்படி ஓடுகிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவர். அவருடைய மாய நகரத்துக்குக் குடிநீர் எங்கிருந்து வருகிறது, குப்பையை யார் அள்ளுகிறார்கள் என்பதற்கெல்லாம் விடை இருக்கும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு ட்ரோல் நடந்து போனால் நம்பத்தான் தோன்றும்.

பின்னால் வந்தவற்றில் இரண்டைப் பற்றி என் அபிப்பிராயம். 2009-இல் வந்த ‘அன்சீன் அகாடமிகல்ஸ்’ நாவலில் நட் என்ற இளைஞன் வருகிறான். அவன் எந்த இனம் என்பது தெரிந்தால் ஊர் அவனைக் கொன்றுவிடும். அதனால் எப்போதும் அளவுக்கு மீறிப் பணிவாக இருக்கிறான், பிறருக்குப் பயன்பட்டுக்கொண்டே இருக்கிறான், தன் மதிப்பைத் தினமும் சேர்த்து வைக்க வேண்டும் என்று நம்புகிறான். உயிரோடு இருப்பதற்கே அனுமதி வாங்க வேண்டியவனின் மனசை இவ்வளவு துல்லியமாக எழுதியதற்காகவே அதைப் படிக்கலாம். ஆனால் நீளம் அதிகம், கதை அங்கங்கே தளர்கிறது. 2011-இல் வந்த ‘ஸ்னஃப்’ இன்னும் கனமானது. அதில் வரும் காப்ளின்கள் சளியையும் நகத்தையும் காதழுக்கையும் பானையில் சேர்த்து வைப்பவர்கள். சட்டத்தின் கண்ணில் வெறும் பூச்சி புழுக்கள். அருவருப்பைத் தாண்டி அவர்களைப் பார்க்க வைக்கிறார். முந்தைய நாவல்களில் கதைமாந்தர் செய்து காட்டியதை இங்கே வைம்ஸ் வாயால் நீளமாகச் சொல்கிறார். பழைய நறுக்குத்தனம் குறைவு. 2007-இல் பிராட்செட்டுக்கு அல்சைமர் வகையைச் சேர்ந்த, மூளையின் பின்பகுதியைப் பாதிக்கும் ஒரு நோய் இருப்பது தெரியவந்தது. தட்டச்சு செய்ய முடியாமல் போய், வாயால் சொல்லித்தான் கடைசி நாவல்களை எழுதினார். 2015 மார்ச்சில் காலமானார். அந்த நாவல்களை மரியாதையோடு படிக்க வேண்டும். ஆனால் முதலில் படிக்கக் கூடாது.

படிக்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனத்தில் வையுங்கள். இந்த நாவல்களில் அத்தியாயப் பிரிவு கிடையாது. காட்சி மாறும் இடத்தில் ஒரு சின்ன இடைவெளி மட்டும் இருக்கும். அதனால் தூங்கும் முன் ஓர் அத்தியாயம் என்று திட்டம் போட முடியாது. முப்பது நாற்பது பக்கம் ஒரே மூச்சில் படிக்க நேரம் கிடைக்கும்போது எடுப்பது நல்லது. இரண்டாவது, பிரிட்டிஷ் வாழ்க்கையை வைத்துச் செய்யும் சிலேடைகள் நிறைய வரும். புரியாததற்கு அகராதி தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். பக்கத்துக்கு ஐந்து நகைச்சுவை இருந்தால் மூன்று கிடைத்தாலே கதை ஓடும். இரண்டாம் வாசிப்பில் மீதி கிடைக்கும். இரண்டாம் முறை படிக்க வைக்கும் நாவல்கள்தான் இவை.

துப்பறியும் கதையே உங்களுக்கு ஆகாது என்றால் மட்டும் என் பதில் மாறும். இரண்டுமே உள்ளுக்குள் கொலை வழக்கு விசாரணைகள்தான். அப்படியானால் 2003-இல் வந்த ‘மான்ஸ்ட்ரஸ் ரெஜிமென்ட்’டை எடுங்கள். தோற்றுக்கொண்டிருக்கும் ஒரு நாட்டின் கடைசிப் பட்டாளத்தில் ஒரு ரத்தக்காட்டேரி, ஒரு ட்ரோல், உடலைத் தைத்துச் சேர்க்கும் இகோர் ஒருவர், அண்ணனைத் தேடி ஆண் வேஷத்தில் சேர்ந்த ஒரு பெண். தனிக்கதை, முன்பின் எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். அதன் பின்னட்டையை மட்டும் படிக்காமல் நேராக முதல் பக்கத்துக்குப் போங்கள்.